வாசகர் கேள்வி – பதில்: இடது ஓரத்தில் நின்ற ஜோ தாமஸ்

சென்ற இதழில் விளையாட்டுச் சாதனைகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகையில், அமெரிக்கக் கால்பந்தில் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப்களை, அதாவது ஆட்ட முயற்சிகளை, ஆடிய ஜோ தாமஸ் என்பவரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி விளக்கம் கேட்டுப் பல கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கும் அவர் செய்த பணிக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் கிரிக்கெட்டை மட்டுமே பார்த்துப் பழகியவன். பந்தை எறியாமல், பிடிக்காமல், தூக்கிக்கொண்டு ஓடாமல் ஒருவர் எப்படி அந்த விளையாட்டின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்?

பதில்: அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நேரத்தில் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு தூரம் முன்னேறியாக வேண்டும். முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணியிடம் போய்விடும். வரிசையின் நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னுக்கு அனுப்பி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கையில் சேர்ப்பதோடு ஒவ்வொரு முயற்சியும் தொடங்குகிறது. அதற்குத்தான் ஸ்னாப் என்று பெயர். சென்டருக்கு இரு பக்கமும் கார்டுகள் இருவரும், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள் இருவரும் நிற்பார்கள். இந்த ஐவர் சேர்ந்ததே அஃபென்சிவ் லைன் எனப்படும் தாக்குதல் வரிசை.

இவர்கள் வழக்கமாக 50 முதல் 79 வரையிலான எண்களை அணிவார்கள். அந்த எண்களை அணிந்தவர், நடுவரிடம் முன்கூட்டியே தெரிவித்தாலன்றி, முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கத் தகுதியற்றவர் என்பது விதி. ஸ்னாப் நிகழும்வரை அவர் அசையக் கூடாது. அசைந்தால் அணிக்கு 5 யார்டு இழப்பு. எதிரியைப் பற்றி இழுத்துப் பிடித்தால் 10 யார்டு இழப்பு. இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே, பெரும்பாலும் தம்மைவிட வேகமாக ஓடக்கூடிய ஒருவரை, குவார்ட்டர்பேக் பந்தை எறிந்து முடிக்கும்வரை, அதாவது இரண்டரை மூன்று விநாடிகள், அவர் தடுத்து நிறுத்த வேண்டும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டமாக இருந்தால் தடுப்பதோடு வேலை முடிவதில்லை. எதிரில் நிற்பவரைப் பெயர்த்துத் தள்ளி, ஓடுபவருக்கு வழி திறந்துவிட வேண்டும்.

நீங்கள் கிரிக்கெட் பார்ப்பவர் என்பதால் விக்கெட் கீப்பரை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் பந்துகளைச் சரியாகப் பிடித்தவரை யாரும் கவனிப்பதில்லை; ஒரு பந்து நழுவினால் எல்லோரும் கவனிக்கிறார்கள். கீப்பருக்காவது கேட்ச், ஸ்டம்பிங் என்று ஸ்கோர் அட்டையில் பெயர் வரும். தாக்குதல் வரிசை வீரருக்கு அதுவும் கிடையாது. எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் ஓடியவருக்கும் யார்டுக் கணக்கு உண்டு. தடுத்தவரின் எண்ணை நடுவர் ஒலிபெருக்கியில் சொல்கிறார் என்றால், அவர் செய்த தவறை அறிவிப்பதற்காகத்தான் சொல்கிறார். அந்த ஐவர் தம் வேலையைச் செய்யாவிட்டால் மற்ற ஆறு பேரின் திறமைக்கு இடமே இல்லாமல் போய்விடும் என்பதைப் பயிற்சியாளர்களும் எதிரணி வீரர்களும் அறிவார்கள். ஜோ தாமஸின் பெருமை முதலில் அவர்கள் சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

கேள்வி: ஐந்து பேரில் இடது ஓரத்தில் நிற்பவருக்கு மட்டும் ஏன் தனி மதிப்பு?

பதில்: பெரும்பாலான குவார்ட்டர்பேக்குகள் வலக்கையர்கள். வலக்கையால் எறிய ஆயத்தமாகும்போது உடல் வலப்பக்கம் திரும்பிவிடுவதால், இடப்பக்கம் பின்னாலிருந்து வருபவரை அவர்களால் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தைக் காப்பவர்தான் லெஃப்ட் டேக்கிள். 1985 நவம்பர் 18 அன்று இரவு, நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு போட்டியில், வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் மீது நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்தார். தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்துவிட்டது. உடனே எழுந்து உதவிக்கு ஆளை அழைத்துப் பதறியவரும் டெய்லர்தான். டெய்லரைப் போன்ற வேகமும் வலிமையும் ஒருங்கே கொண்டவர்கள் வரத் தொடங்கிய பிறகு, அவர்களை நேருக்கு நேர் தனியாக நின்று தடுக்கக்கூடிய ஒருவரைத் தேடுவது ஒவ்வொரு அணிக்கும் தலையாய வேலையாகிவிட்டது. 1993-ல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையைப் பெற்றபோது, லெஃப்ட் டேக்கிள்களின் ஊதியம் மளமளவென உயர்ந்ததற்குக் காரணம் இதுவே.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தாமஸின் அருமை அதில்தான் இருக்கிறது. பந்து எறியப்போகும் ஆட்டத்தில், ஸ்னாப் ஆனதும் லெஃப்ட் டேக்கிள் முன்னே பாய்வதில்லை, பின்வாங்குகிறார். இடது காலைச் சாய்வாகப் பின்னுக்கு எடுத்து வைத்து, வலது காலைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல் அதன் பின்னே இழுத்துக்கொள்கிறார். முழங்கால்கள் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒருபோதும் குறுக்கிடக் கூடாது. எதிரே வருபவருக்கு மூன்று வழிகள் உண்டு: வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடலாம், நேராக நெஞ்சில் முட்டித் தள்ளலாம், திடீரென உட்பக்கம் திரும்பி நுழையலாம். வெளிப்பக்கத்தைக் காக்க மிகவும் விரைந்துவிட்டால் உட்பக்கம் திறந்துகொள்ளும். உட்பக்கத்துக்கு அஞ்சித் தயங்கினால் வெளிப்பக்கம் போய்விடும். கைகளை நீட்டும் தருணம் அதைவிட நுட்பமானது. முந்தி நீட்டினால் எதிரி அவற்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பிந்தினால் அவருடைய கைகள் நம் நெஞ்சில் வந்துவிடும். 1978-ல் விதிகளை மாற்றி, கைகளை நீட்டி உள்ளங்கையால் தடுக்கலாம் என்று அனுமதித்த பிறகே இந்தக் கலை இன்றைய வடிவத்தை அடைந்தது.

தாமஸ் ஒவ்வொரு எதிரிக்கும் ஏற்றவாறு தம் அடிகளின் அளவையும் கைநீட்டும் தருணத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார். அவசரம் என்பதே அவரிடம் தெரியாது. அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது, எதிரியே தம் விருப்பப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததைப் போலத் தோன்றும். அவரை அங்கே வரவழைத்தது தாமஸின் கால்கள் என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் புலப்படும்.

கேள்வி: 10,363 என்ற எண்ணிக்கை எப்படி வந்தது? ஒரு போட்டிக்கூடத் தவறவிடவில்லை என்று பொருளா?

பதில்: அதைவிடக் கூடுதலான பொருள். போட்டிகளைத் தவறவிடாமல் ஆடியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு போட்டியில் தொடக்கத்தில் இறங்கி, பாதியில் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே சென்று, சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் கணக்கில் அது ஆடிய போட்டிதான். தாமஸின் கணக்கு அப்படிப்பட்டதன்று. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 2007 செப்டம்பர் 9 அன்று பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக முதன்முதலில் இறங்கியது முதல், அந்த அணியின் தாக்குதல் வரிசை களத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஸ்னாப்பிலும், அவர் தம் இடத்தில் இருந்தார். 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அவருடைய இடது மேற்கையின் பின்தசை கிழிந்தது. அதுவரை 167 போட்டிகள், 10,363 ஸ்னாப்கள். சராசரியாகப் போட்டிக்கு 62. தேசியக் கால்பந்து லீக் ஸ்னாப் கணக்கைப் பதிவு செய்யத் தொடங்கிய 1999 முதல் இத்தனை நீண்ட தொடர்ச்சி வேறு எவருக்கும் இருந்ததில்லை.

இதன் கனம் புரிய வேண்டுமானால், அவர் எந்தெந்த ஸ்னாப்களில் எளிதாக ஓய்வெடுத்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அணி 30 புள்ளிகள் பின்தங்கி, ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, முக்கிய வீரர்களை வெளியே அழைத்துக்கொள்வது வழக்கம். பருவத்தின் இறுதியில், அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பு இல்லை என்று உறுதியான பின், சிறு காயங்களோடு ஆட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கிளீவ்லாந்தில் அவர் ஆடிய ஆண்டுகளில் இவ்விரு நிலைகளும் மிக அடிக்கடி வந்தன. விலகிக்கொள்ளக் காரணம் ஒவ்வொரு டிசம்பரிலும் இருந்தது, அவர் விலகவில்லை. முழங்கால் தேய்ந்துகொண்டே வந்ததால், பின்னாளில் வார நாட்களின் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காக உடலைச் சேமித்து வைத்திருந்தார்.

கேள்வி: அவருடைய இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சிறுவயதிலிருந்தே இந்த இடத்துக்காகத்தான் பயிற்சி பெற்றாரா?

பதில்: இல்லை. 1984 டிசம்பரில் பிறந்த தாமஸ், விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரை அடுத்த புரூக்ஃபீல்டில் வளர்ந்தார். குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் வல்லவர். மாடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்னும் தடகள அணிக்காக எறிந்திருக்கிறார். வட்டு எறிபவரின் காலடிகள் ஒரு சிறிய வட்டத்துக்குள் சுழன்று, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்குச் சிந்தாமல் மாற்ற வேண்டும். பிற்காலத்தில் அவரிடம் நாம் கண்ட சமநிலைக்கு அங்கே ஒரு வேர் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

கல்லூரி அணியில் மூன்றாவது ஆட்டப் பருவம் முடிந்து, 2006 ஜனவரியில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் தற்காப்பு வரிசையில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. பயிற்சியாளர்கள் கேட்டதற்கிணங்கத் தமக்குப் பழக்கமில்லாத அந்த இடத்தில் நின்ற தாமஸுக்கு முழங்கால் மூட்டின் இணைப்பு நார் கிழிந்தது. இத்தகைய காயம் அன்றும் இன்றும் பலருடைய வாய்ப்பை அழித்துவிடுவது. அவர் கல்லூரிக்குத் திரும்பி, அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டு, அடுத்த பருவத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் கோப்பையைப் பெற்றார்.

2007 ஏப்ரலில் நடந்த டிராஃப்ட்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், மூன்றாவது இடத்தில் பிரவுன்ஸ் அணி அவரை எடுத்தது. முதலிடங்களில் தேர்வாகப் போகிறவர்கள் நியூயார்க் மேடைக்குச் சென்று, அணியின் தொப்பியை அணிந்து, புகைப்படத்துக்கு நிற்பது அப்போது மரபு. தாமஸோ அன்று தம் தந்தையுடன் மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். செய்தி அங்கே தொலைபேசியில் வந்தது.

கேள்வி: இவ்வளவு சிறந்த வீரர் ஒருமுறைகூட சூப்பர் பௌலில் ஆடவில்லை என்று படித்தேன். தோற்றுக்கொண்டே இருந்த அணியில் பதினொரு ஆண்டுகளைக் கழித்தது வீண் அல்லவா?

பதில்: லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் இருக்கட்டும், அதற்கு முந்தைய பிளேஆஃப் சுற்றுகளில்கூட அவர் ஒரு போட்டியும் ஆடியதில்லை. முதல் ஆண்டில் 10 வெற்றி, 6 தோல்வி என்று நன்றாகவே ஆடிய அணி மயிரிழையில் அந்த வாய்ப்பை இழந்தது. அதன்பின் ஓர் ஆண்டில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. 2016-ல் 16 போட்டிகளில் ஒன்றில் மட்டுமே வென்றார்கள். 2017-ல் அதுவும் இல்லை. அவர் தொடங்கிய 167 போட்டிகளில் 48 வெற்றி, 119 தோல்வி. இந்தக் காலத்தில் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர். அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்காகப் போட்டியைத் தொடங்கியவர்கள் சார்லி ஃப்ரை முதல் கெவின் ஹோகன் வரை 20 பேர்.

இந்த 20 என்ற எண்ணிக்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக் மாறினால் லெஃப்ட் டேக்கிளின் வேலையும் மாறுகிறது. ஒருவர் ஏழு காலடி எடுத்துவைத்துப் பின்வாங்கி நிற்பார், இன்னொருவர் ஐந்து காலடியில் நின்றுவிடுவார். ஒருவர் பந்தை விரைவில் எறிந்துவிடுவார். மற்றொருவர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே பந்தைக் கையில் வைத்திருப்பார். பின்னால் நடப்பதைத் திரும்பிப் பார்க்க முடியாத தாமஸ், அந்த மனிதர் இப்போது எங்கே நிற்பார் என்பதைப் பழக்கத்தால் மட்டுமே உணர்ந்து தம் கோணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். பழக்கம் ஏற்படுவதற்குள் ஆள் மாறிவிட்டால், எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். மேலும், தோற்கும் அணி பின்தங்கியே இருப்பதால் வேறு வழியின்றிப் பந்தை எறிந்துகொண்டே இருக்கும். அது எதிரணிக்கும் தெரியும். ஆகவே அவர்களுடைய வேகமான ஆட்கள் தயக்கமின்றிப் பாய்ந்து வருவார்கள். வெல்லும் அணியின் டேக்கிளுக்கு இந்தச் சுமை பாதிகூட இருக்காது.

இப்படிப்பட்ட நிலையில், தம் முதல் பத்து ஆண்டுகளிலும் அவர், ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌல் அணிக்குத் தேர்வானார்; லீக்கின் தலைசிறந்தவர்களைக் கொண்ட ஆல் புரோ முதல் அணியில் ஆறு முறை இடம்பெற்றார். புரோ பௌல் தேர்வில் ரசிகர்களோடு சக வீரர்களும் பயிற்சியாளர்களும் வாக்களிக்கிறார்கள். வாரந்தோறும் பிரவுன்ஸை வீழ்த்திவிட்டுச் சென்றவர்களே, அந்த அணியில் ஒருவரைத் தங்களால் வீழ்த்த முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய ஆண்டுகளை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அணியைக் கட்டமைக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் அவரை வீணாக்கினார்கள் என்று சொன்னால் அதை மறுக்க மாட்டேன். ஒரு வரிசை வீரர் எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் அவரால் புள்ளி சேர்க்க முடியாது. தம் இடத்தை மட்டுமே அவரால் காக்க முடியும். அதை அவர் முழுமையாகக் காத்தார்.

கேள்வி: ஊதியம் எவ்வளவு?

பதில்: 2011-ல் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் என்று செய்தியாயிற்று. அதில் 4.4 கோடி உறுதி செய்யப்பட்ட தொகை. அன்றைய நிலையில் அவருடைய இடத்தில் ஆடியவர்களுக்கு அது மிக உயர்ந்த ஊதியம். ஆனால் இந்த லீக்கில் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது. காயமடைந்தோ ஃபார்ம் இழந்தோ வெளியேற்றப்படும் வீரருக்கு உறுதி செய்யப்பட்ட பகுதி மட்டுமே மிஞ்சும். டிராஃப்ட்டின் கடைசிச் சுற்றுகளில் தேர்வாகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் லீக்கை விட்டுப் போகும் வரிசை வீரர்களே அதிகம். அவர்களுடைய பெயர்கள் உள்ளூர் நாளிதழோடு நின்றுவிடுகின்றன.

கேள்வி: உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். 140 கிலோ எடையுள்ள ஒருவர் எப்படி அவ்வளவு விரைவாகக் கால் மாற்றுகிறார்? ஓய்வுக்குப் பின் அவர் இளைத்துவிட்ட புகைப்படத்தையும் பார்த்தேன். இது உடலுக்கு நல்லதுதானா?

பதில்: ஏறத்தாழ ஆறரை அடி உயரம் தாமஸுக்கு இயல்பாக அமைந்தது, 140 கிலோ எடையோ அவர் தம் உடல்மீது சுமத்திக்கொண்டது. நேராக முட்டித் தள்ளும் எதிரியை நிலையாக நின்று தாங்க அந்த எடை தேவை. வெளியே சுற்றி ஓடுபவரைத் தொடர வேகமும் தேவை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதால், சுமக்கக்கூடிய எல்லையில் எடையை நிறுத்தி, இடுப்பு, கணுக்கால் மூட்டுகளின் நெகிழ்வையும் கால் அடிகளின் ஒழுங்கையும் ஆண்டுக்கணக்கில் பழக்குகிறார்கள். நூறு மீட்டர் ஓடும் வேகம் இவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. முதல் மூன்று அடிகளில் தவறு நேரக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த எடையைத் தக்கவைப்பதே ஒரு வேலை. பசி எடுத்து உண்பது போக, பசியில்லாமலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உண்ண வேண்டியிருந்ததையும், உறங்கப் போகும் முன்பு ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும் வழக்கமாக இருந்ததையும் அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். உணவு அங்கே மகிழ்ச்சியாக இல்லாமல் கடமையாகிவிடுகிறது. 2018 மார்ச்சில் ஓய்வை அறிவித்த பின், நீச்சலிலும் மிதிவண்டியிலும் ஈடுபட்டு, உணவைக் குறைத்து, சில மாதங்களிலேயே 20 கிலோவுக்கும் மேல் குறைத்துவிட்டார். தேய்ந்த முழங்காலுக்கு வேறு நிவாரணமும் இல்லை.

உடலுக்கு நல்லதா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை என்பதே நேர்மையான பதில். அவ்வளவு எடையை இருதயமும் மூட்டுகளும் பத்தாண்டுகள் சுமந்திருக்கின்றன. ஓய்வுக்குப் பின் பலர் எடையைக் குறைக்க முடியாமல் அவதிப்படுகிறார்கள். பயிற்சி நின்றுவிட, உண்ணும் பழக்கம் மட்டும் நின்றுவிடுவதில்லை. உங்கள் கூடத்துக்கு வரும் இளைஞர்கள் இத்தகைய உடலை முன்மாதிரியாகக் கொள்ள விரும்பினால், அது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, மருத்துவர்களும் உணவு வல்லுநர்களும் அருகிலிருக்க, விலை கொடுத்து உருவாக்கப்பட்ட உடல் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் நல்ல உயரமும் எடையும் உள்ளவன். பள்ளி அணியின் பயிற்சியாளர் அவனைத் தாக்குதல் வரிசைக்குக் கேட்கிறார். தலைக்காயம் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டராக நான்கு சூப்பர் பௌல்களை வென்ற மைக் வெப்ஸ்டர், ஓய்வுக்குப் பின் நினைவும் நிதானமும் குலைந்து, சில காலம் தம் வண்டியிலேயே உறங்கும் நிலைக்கு வந்து, 2002-ல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு கண்டறிந்த சேதமே இன்று சி.டி.இ. என்று அறியப்படுகிறது. மயங்கி விழவைக்கும் பெரிய அடிகளால் மட்டுமே இது வருவதில்லை. ஸ்னாப் தோறும் தலையும் தலையும் மோதும் சிறிய அதிர்வுகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வரிசை வீரர்களுக்கு இந்தச் சிறிய அதிர்வுகள்தாம் மிகுதி.

2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தானமாக வந்த தேசிய லீக் வீரர்களின் மூளைகள் 111-ல் 110-ல் இந்தச் சேதம் இருந்தது. அறிகுறிகள் தென்பட்டவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்வதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது என ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆயினும் அது புறக்கணிக்கக்கூடிய செய்தியன்று. அது வெளிவந்த இரண்டே நாட்களில், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் கார்டாக மூன்று ஆண்டுகள் ஆடிய ஜான் அர்ஷல், 26 வயதில் ஓய்வை அறிவித்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். ஜோ தாமஸும் தம் நினைவாற்றல் மங்குவதை ஏற்கெனவே உணர்வதாக, ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எடை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பையனை வரிசையில் நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் மகனுக்கே விருப்பம் இருந்தால், பயிற்சியாளரை நேரில் சந்தித்து, முழு மோதலுடன் கூடிய பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், தலையை விலக்கி மோதுவதற்கு எப்படிக் கற்பிக்கிறார்கள், தலையில் அடிபட்டால் மீண்டும் களமிறங்க அனுமதிப்பவர் மருத்துவரா பயிற்சியாளரா என்பவற்றைக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மறுத்துவிடுங்கள். குண்டு எறிதலும் வட்டு எறிதலும் அதே பள்ளியில் இருக்கும். தாமஸும் அவற்றில் சிறந்தவர்தான். உயரமும் வலிமையும் அங்கேயும் வீணாகாது.

கேள்வி: ஓய்வுக்குப் பின் அவருக்கு உரிய மரியாதை கிடைத்ததா?

பதில்: கிடைத்தது. 2018 செப்டம்பர் 20 அன்று பிரவுன்ஸ் அணி தன் மைதானத்தில் 10,363 என்ற எண்ணைப் பொறித்து அவரைக் கௌரவித்தது. அன்றிரவு நியூயார்க் ஜெட்ஸ் அணியை வென்று, 2016 டிசம்பருக்குப் பின் முதல் வெற்றியையும் அந்த அணி பெற்றது. தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, 2023-ல், ஓஹாயோ மாநிலத்தின் கேண்டன் நகரிலுள்ள, இவ்விளையாட்டின் தலைசிறந்தவர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் தேர்வானார். கிளீவ்லாந்தும் அதே மாநிலம்தான் என்பதால், விழாவுக்கு பிரவுன்ஸின் நிறங்களான ஆரஞ்சும் பழுப்பும் அணிந்த ரசிகர்கள் திரளாக வந்தார்கள்.

கேள்வி: அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்த விளையாட்டைப் பார்க்கும்போது, யாரை, எங்கே கவனிக்க வேண்டும்?

பதில்: பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் 68-ஆம் எண்காரரைக் கவனியுங்கள். ஜோர்டன் மைலாட்டா என்பது அவர் பெயர். சிட்னியில் வளர்ந்த சமோவா வம்சாவளியினர். ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவரை, 2018 டிராஃப்ட்டின் கடைசிச் சுற்றில் 233-ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது. அதுவரை அவர் ஒரு அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில்கூட ஆடியதில்லை. வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டௌட்லண்டிடம் கால் எப்படி வைப்பது என்பது முதல் கற்றுக்கொண்டு, 2020-ல் களமிறங்கி, 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்ற அணியின் லெஃப்ட் டேக்கிளாக நின்றார்.

ஸ்னாப் ஆனதும் உங்கள் கண் பந்தின் பின்னே போகத் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு அவருடைய இடது காலை மட்டும் பாருங்கள். முதல் அடி எவ்வளவு தூரம் பின்னே போகிறது, இரண்டாவது அடி வைக்கும்போது தோள்கள் எந்தப் பக்கம் நோக்கியிருக்கின்றன, கைகள் எந்த அடியில் நீள்கின்றன என்று கவனியுங்கள். ஒரு கால்பகுதி ஆட்டத்தை இவ்வாறு பார்த்த பிறகு, ஜோ தாமஸ் ஆடிய பழைய போட்டி ஒன்றை, அவர் அணிந்த 73 என்ற எண்ணைத் தொடர்ந்து பாருங்கள். எந்தப் போட்டியை எடுப்பது என்று தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. 2017 அக்டோபருக்கு முந்தைய பதினொரு பருவங்களில் எந்த பிரவுன்ஸ் ஆட்டத்தை எடுத்தாலும் அவர் அதில் இருப்பார்.